சத்தமில்லாத பெட்டி

போல்தார், 25 ஜனவரி 2018, வியாழன்

யார்மிலா,

நீ இதைப் படிக்கும்போது என் வேன் வியன்னாவைத் தாண்டியிருக்கும். அடுப்பின் மேல் முட்டைக்கோஸ் சூப் இருக்கிறது. ரொட்டி நேற்று வாங்கியது, இன்னும் கல்லாகவில்லை.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, சொல்ல வேண்டியதை எழுதி மேசைமேல் வைத்துவிட்டுப் போ என்று அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் சொன்னாய். எழுதுகிறேன். எனக்கு எழுத வராது என்பதும் உனக்குத் தெரியும்.

சாமான் அறைக்குள் ஒரு பெட்டி நிற்கும். பயந்துவிடாதே. அம்மாவின் துணி அலமாரியின் கீழ்ப்பாதிதான் அது. அறுத்து எடுத்து, உள்ளே சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் தெர்மோகோல் ஒட்டியிருக்கிறேன். பின்பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒன்றாக பெல்டியர் தகடு வைத்திருக்கிறேன். பிஸ்கட் அளவுதான் இருக்கும். மின்சாரம் கொடுத்தால் அதன் ஒரு பக்கம் ஜில்லிடும், மறுபக்கம் சுடும். ஜில்லிடுகிற பக்கம் பெட்டிக்குள், சுடுகிற பக்கம் வெளியே. இரண்டு பக்கமும் பழைய கம்ப்யூட்டர்களில் கழற்றிய அலுமினியக் கட்டைகளும் சின்ன ஃபேன்களும் உண்டு. உள்ளே இருபது லிட்டர் வாளியில் நாம் வழக்கமாக வீட்டில் போடுகிற பீர் புளிக்கிறது. செவ்வாய்க்கிழமை காய்ச்சி ஈஸ்ட் போட்டேன்.

இனி காலையும் மாலையும் நீ ஐஸ் பாட்டில் மாற்ற வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டியையும் ஈரத் துண்டையும் மறந்துவிடு. பெட்டியின் மேல் சிவப்பாக ஒரு எண் தெரியும். அது பதினொரு டிகிரியில் நின்றால் நீ எதையும் தொட வேண்டாம்.

அம்மாவின் துணிகளைப் பிரித்துக் கட்டில்மேல் வைத்திருக்கிறேன். எதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பெட்டி சத்தம் போடாது.

இம்ரிக்


போல்தார், 8 பிப்ரவரி, வியாழன்

இம்ரிக்,

உன் பெட்டி சத்தம் போடவில்லை. நீ எழுதியதில் அது ஒன்றுதான் நடந்தது.

நான் வந்து பார்த்தபோது சிவப்பு எண் முப்பத்து நான்கில் நின்றது. கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடித்தது. வாளியிலிருந்து நகப்பூச்சைத் துடைக்கிற மருந்தின் வாடை. கீழ்வீட்டு வ்லஸ்தா மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, "என்னடி, உன் புருஷன் வீட்டுக்குள்ளயே பியூட்டி பார்லர் தொறந்துட்டானா?" என்றாள். அவள் சிரித்தாள். ஒன்பது மணி நேரம் வேனில் மடங்கி உட்கார்ந்து வந்த எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாளியைத் தொட்டிக்கு இழுத்துவந்தேன். அப்புறம் இரண்டு வாரமும் பழையபடி ஐஸ் பாட்டில்தான், காலையில் நான்கு, மாலையில் நான்கு. அங்கே ஆஸ்திரியாவில் நான் பார்த்துக்கொள்கிற ஹெர்மினா கிழவியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் தூக்குகிறேன். எழுபத்தெட்டு கிலோ. இங்கே வந்தால் உன் வாளி. கெட்டுப்போன பீரைக் கீழே ஊற்றிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று எனக்கே புரியவில்லை. ஆறு வருடமாக யாராவது ஒருவருக்குக் காவல் இருந்தே பழகிவிட்டது.

துணிகளைப் பற்றி. "தெரியவில்லை" என்று எழுதிவிட்டால் உன் வேலை முடிந்ததா? மூன்று நாள் அந்தக் கட்டிலைப் பார்க்காமல் சுற்றிச் சுற்றி நடந்தேன். நான்காம் நாள் உட்கார்ந்து மடித்து, கோயிலில் கொடுத்தேன். நீலக் கம்பளிச் சட்டையை மட்டும் வைத்துக்கொண்டேன், முழங்கையில் நான் ஒட்டுப் போட்டது. அலமாரியை அறுக்கும்முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கப்படுகிற ஆள் இல்லை, குற்றம் சாட்டப்படுகிற ஆள் என்பது நவம்பரிலேயே தெரிந்துவிட்டது.

இன்னொன்று. என்னை வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரி போன் பண்ணினாள். "உங்க மாமியார்தான் தவறிட்டாங்களே. இனிமே உங்க முறைய மாத்திடவா? வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே நேரத்துல வீட்ல இருக்கற மாதிரி?" என்று கேட்டாள். உன் அம்மாவை ஒருநாளும் தனியே விடக்கூடாது என்றுதானே, நீ ஜெர்மனிக்குக் கிளம்புகிற அன்று நான் வருவது, நான் ஆஸ்திரியாவுக்குக் கிளம்புகிற அன்று நீ வருவது என்று வைத்துக்கொண்டோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாம் ஒருவர் தலையணையில் ஒருவர் படுத்தோம், அவ்வளவுதான். இப்போது அவள் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். அங்கே முறை போட்டுக் காவல் காக்க ஒன்றும் இல்லை. ஆனால் நீ எதுவும் சொல்லவில்லை. நானும் ஏஜென்சிக்காரியிடம் "இப்பிடியே இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பீர் கடையில் கிடைக்கிறது. இந்தப் பெட்டி யாருக்காக, இம்ரிக்?

சூப் வைக்கவில்லை. முடியவில்லை.

யார்மிலா


போல்தார், 22 பிப்ரவரி, வியாழன்

யார்மிலா,

பீரைக் கழிப்பறையில் ஊற்றினேன். மூன்று முறை தண்ணீர் விட்டும் வாடை போகவில்லை.

தவறு என்னுடையதுதான். கிளம்புவதற்கு முந்தைய நாள் மதியம் வரை பெட்டி பதினொன்றில் ஆடாமல் நின்றது. அப்புறம் பார்த்தால் கம்பிகள் நூடுல்ஸ் மாதிரி தொங்குகின்றன. நீ பார்த்தால் ஏதாவது சொல்வாயே என்று எல்லாவற்றையும் கழற்றி, நறுக்கி, வரிசையாகக் கட்டினேன். திரும்ப மாட்டும்போது சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிட்டன. இந்தத் தகட்டுக்கு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தால் குளிர்கிற பக்கம் சுடும், சுடுகிற பக்கம் குளிரும். உள்ளே சூடு ஏற ஏற, இன்னும் குளிரவில்லையே என்று குளிரைக் கட்டுப்படுத்துகிற கருவி இன்னும் இன்னும் மின்சாரம் விட்டிருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது.

கிடங்கில் என்னோடு வேலை செய்கிற செக் நாட்டு எலெக்ட்ரீஷியனிடம் இதைச் சொன்னேன். "பொண்டாட்டி பாக்கறதுக்காகக் கம்பிக்குப் பின்னல் போட்டவன் ஊர்ல நீ ஒருத்தன்தான்யா" என்றான். இரண்டு வாரமும் சாப்பாட்டு வேளையில் எல்லோரிடமும் இதையே சொல்லிச் சிரித்தான். இந்த முறை கம்பிகளைத் தொங்கவே விட்டிருக்கிறேன். நீ என்ன வேண்டுமானாலும் சொல்.

புது பீர் திங்கட்கிழமை காய்ச்சினேன். எண் இன்று விடியற்காலை பதினான்கில் இருந்தது, இறங்கிக்கொண்டிருக்கிறது. உனக்கு இடைஞ்சல் இல்லாமல் சாமான் அறைக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

யாருக்காக என்று கேட்டாய். முன்பு அதே இடத்தில் பழைய ஃபிரிட்ஜை வைத்துப் பீர் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் கட்டில். "மோட்டாரு ஓடும்போதெல்லாம் என் மண்டைக்குள்ள லாரி ஏறி எறங்குதுடா" என்பாள். ஃபிரிட்ஜைத் தூக்கித் தெருவில் வைத்தேன், அப்புறம்தான் தொட்டியும் ஐஸும் வந்தன. தகட்டுக்கு மோட்டார் கிடையாது. அதனால்தான் தகடு. அதற்குமேல் இன்று எழுத வரவில்லை.

ஏஜென்சி விஷயத்தைப் படித்தேன். இப்படியே இருக்கட்டும் என்று நீ சொல்லியாயிற்று. நான் என்ன சொல்ல.

நீலச் சட்டையை வைத்துக்கொண்டது நல்லது. பட்டாணி சூப் வைத்திருக்கிறேன், உப்பு குறைவு.

இம்ரிக்


போல்தார், 8 மார்ச், வியாழன்

இம்ரிக்,

இன்று பெண்கள் தினம். வேன்காரன் ஏறுகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு கார்னேஷன் பூ கொடுப்பானாம். பன்னிரண்டு பேர் மடியில் பன்னிரண்டு பூவை வைத்துக்கொண்டு பிறர் வீட்டுக் கிழவிகளைக் கழுவப் போகிறோம்.

முதலில் உன் பெட்டி. உன் எண் பதினான்கிலிருந்து இறங்கவில்லை, ஏறியது. நான் வந்த அன்று பத்தொன்பது. சாமான் அறைக்குள் நுழைந்தால் வேர்த்தது. சமையலறை வெப்பமானியை உள்ளே மாட்டிப் பார்த்தேன், முப்பத்தொன்று. உருளைக்கிழங்கு எல்லாம் விரல் நீளம் முளைவிட்டிருக்கிறது, வாத்துக் கொழுப்பு ஜாடிக்குள் எண்ணெயாக நிற்கிறது. நீயே எழுதியிருக்கிறாய், மறுபக்கம் சுடும் என்று. அந்தச் சூட்டை ஒரு மீட்டர் அறைக்குள் விட்டுக் கதவையும் சாத்தினால் அது எங்கே போகும்? தான் கக்கிய சூட்டையே பெட்டி திரும்பக் குளிரவைத்துக்கொண்டிருந்தது. நல்ல மனுஷன் நீ.

வ்லஸ்தாவைக் கூப்பிட்டேன். வாளியை இறக்கிவிட்டு, இரண்டு பேருமாகப் பெட்டியைக் கம்பளிமேல் வைத்து இழுத்து, நடையில் நிறுத்தினோம். முதுகு ஜன்னல் பக்கம். ஜன்னலை ஒரு விரல் திறந்து வைத்தேன். "இதுக்கு ஒரு ஆட்டை வாங்கிக் கட்டியிருந்தா பாலாவது குடுத்திருக்கும்" என்றாள். மறுநாள் எண் பதினொன்று. ஆனால் வாளியைத் தொட்டால் அப்படித் தெரியவில்லை. வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்த்தேன், பீர் பதினைந்து.

இம்ரிக், நீ சென்சாரைப் பெட்டிக்குள் காற்றில் தொங்கவிட்டிருந்தாய். புளிக்கிற பீர் தானே சூடாகும், அது உனக்குத் தெரியாதா? யாருக்காவது காய்ச்சல் என்றால் நாங்கள் வெப்பமானியை அறையின் நடுவில் தொங்கவிட்டுப் பார்ப்பதில்லை. அக்குளில் வைத்து, கையை இறுக்கி மடக்கிப் பார்ப்போம். சென்சாரை வாளியின் பக்கவாட்டில் ஒட்டி, அதன்மேல் முகம் துடைக்கிற துண்டை நான்காக மடித்து வைத்துக் கட்டினேன். இரண்டு நாளில் பீரே பதினொன்றுக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் நான் எதையும் தொடவில்லை. ஹெர்மினா கிழவியின் காய்ச்சல் இவ்வளவு சொன்ன பேச்சு கேட்டதில்லை.

இப்போது மற்றது. துண்டு தேடும்போது தகடுகள் வந்த அட்டைப்பெட்டியை நகர்த்தினேன். உள்ளே உத்தரவாதச் சீட்டு இருந்தது. பிராத்திஸ்லாவாவில் ஒரு கடை, முத்திரை குத்தித் தேதி போட்டிருக்கிறார்கள்.

16 நவம்பர். உன் அம்மா இறந்த அன்று.

மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நான் வேறு எதுவும் எழுதப் போவதில்லை. இந்த முறை நீ எழுது.

யார்மிலா


போல்தார், 22 மார்ச், வியாழன்

யார்க்கா,

நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

அன்று வேன் ரிப்பேராகவில்லை. ஸ்வோலென் பக்கத்தில் வேன் நின்றுவிட்டது, அதனால்தான் பதினொரு மணிக்கு வர வேண்டியவன் மூன்று மணிக்கு வந்தேன் என்று உன்னிடமும் வ்லஸ்தாவிடமும் பாதிரியாரிடமும் சொன்னேன். பொய். வேன் சரியான நேரத்துக்குப் போல்தார் வந்தது. நான்தான் அதில் இல்லை. நான் பிராத்திஸ்லாவாவிலேயே இறங்கிவிட்டேன்.

கடை எட்டு மணிக்குத் திறக்கும் என்று போட்டிருந்தது, எட்டரைக்குத் திறந்தான். தகடு, ஃபேன், பசை எல்லாம் வாங்கிக்கொண்டு ரயில் பிடித்தேன். லூசெனெத்ஸில் பஸ் கிடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு சாசேஜ் தின்றேன். கடுகு சாஸ் கூட இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். அப்போது பன்னிரண்டரை இருக்கும். அம்மாவின் உயிர் எத்தனை மணிக்குப் போனது என்று டாக்டர் சொன்னார் என்பது உனக்கும் தெரியும்.

அவளுக்கு அன்றைக்கே காட்ட வேண்டும் என்று நினைத்தேன். முந்தின வாரம் போனில், "தொட்டியில தண்ணி சொட்டுற சத்தம் கூட கேக்குதுடா" என்றாள். கதவைத் திறந்ததும், இனிமே சத்தமே இருக்காதும்மா என்று சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வ்லஸ்தா ஒன்பது மணிக்கு வந்து போட்டுக்கொடுத்த காப்பி பாதி அப்படியே இருந்தது. நான் பையைக் கீழே வைத்துவிட்டு, தூங்குகிறாள் என்று நினைத்து, சத்தம் போடாமல் செருப்பைக் கழற்றினேன்.

அப்புறம் நீ சனிக்கிழமை வந்தாய். இதே சமையலறையில், வ்லஸ்தா நிற்கும்போதே உன்னைப் பார்த்துச் சொன்னேன். "ஒரு நாள் தள்ளிப் போயிருந்தா அந்த ஆஸ்திரியாக் கிழவி செத்தா போயிருப்பா?" நீ ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. அதைவிடக் கேவலமாக எழுத எனக்குத் தெரியவில்லை. என் தலையில் விழ வேண்டியதை உன் தலையில் கட்டினேன், நான்கு மாதம் நீ சுமந்தாய், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டி யாருக்காக என்று கேட்டாயே. அவளுக்காக வாங்கினேன். அவள் இல்லாத பிறகு அந்தச் சாமான்களைத் தூக்கி எறிந்தால் எதற்காகத் தாமதமானேன் என்பதற்கே ஒன்றும் மிச்சமில்லை. அதனால் கட்டி முடித்தேன்.

உன் பீர் நன்றாக வந்திருக்கிறது. நான் அதைத் தொடவில்லை.

இம்ரோ


போல்தார், 5 ஏப்ரல், வியாழன்

இம்ரிக்,

வந்த அன்றே படித்தேன். உடனே எழுதியிருந்தால் இந்த வீட்டில் பாத்திரம் மிஞ்சியிருக்காது, காகிதம் எம்மாத்திரம். இரண்டு வாரம் ஆறவிட்டேன். ஆறவில்லை.

நான்கு மாதம், இம்ரிக். அங்கே கிழவியின் காலுக்குக் களிம்பு தடவும்போதெல்லாம் உன் வாக்கியம்தான் காதில் ஓடியது. யாரோ ஒருத்தியின் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓடி, வீட்டில் இருந்தவளைச் சாகவிட்டவள் என்று என்னையே நினைத்துக்கொண்டேன். பாவமன்னிப்புக் கூண்டில் போய் அதைச் சொன்னேன். செய்யாத ஒன்றுக்காகப் பாதிரியார் எனக்குப் பத்து ஜெபம் கொடுத்தார், நானும் சொன்னேன். அந்தப் பத்தும் உன் கணக்கு. நீ போய்ச் சொல்லு.

ஈஸ்டர் திங்களன்று வீட்டிலேயே இருந்தேன். வழக்கம்போல ஆண்களும் பையன்களும் பெண்களை நனைக்க மாடிப்படியில் வாளியோடு ஓடினார்கள், பெண்கள் கத்தினார்கள். வ்லஸ்தாவை அவள் மருமகன் தலையோடு நனைத்துவிட்டுப் போனான். ஆறு வருடமாக ஈஸ்டருக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து இருந்ததே இல்லை. முன்பெல்லாம் நான் தூங்கும்போதே ஒரு குவளை ஐஸ் தண்ணீரைக் கழுத்தில் ஊற்றுவாய், நான் உன்னைத் திட்டுவேன். இந்த வருடம் காய்ந்த தலையோடு உட்கார்ந்திருந்தேன். உன்மேல் எவ்வளவு கோபம் இருந்ததோ அவ்வளவு உன்னைத் தேடவும் செய்தது. இரண்டும் சேர்ந்து வருவது எனக்குப் பிடிக்கவில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நானும் உன்னைப் போல ஆகிவிடுவேன். அன்று விடியற்காலை நான் கிளம்பும்போது உன் அம்மா விழித்திருந்தாள். பயணப் பெட்டியைத் தூக்கிய என் கையைப் பிடித்து, "இன்னைக்குப் போகாதடி, எனக்கு என்னவோ மாதிரி இருக்கு" என்றாள். ஒவ்வொரு முறையும் சொல்வதுதான். ஆறு வருடம் சொன்னாள், ஆறு வருடமும் எதுவும் ஆகவில்லை. "பதினோரு மணிக்கு உம் புள்ள வந்துருவான்மா" என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டுப் போனேன். கீழே வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நீ சமையலறையில் அப்படிச் சொன்னபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது உனக்குத் தெரியும்.

நான் அவளுக்குச் சொன்ன கடைசி வார்த்தை, பதினொரு மணி.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத முடியவில்லை. களைப்பாக இருக்கிறது, மன்னிக்கவும் தெம்பு வேண்டும். பீரை பாட்டிலில் அடைத்தேன், முப்பத்தெட்டு பாட்டில். நடையில் நிற்கிற பெட்டியில் தினமும் இடுப்பை இடித்துக்கொள்கிறேன்.

யார்மிலா


போல்தார், 19 ஏப்ரல், வியாழன்

யார்க்கா,

பாதிரியாரிடம் போனேன். வேன் விஷயத்தைச் சொன்னேன், சாசேஜையும் சொன்னேன். அவர், "பெண்சாதிகிட்ட சொன்னியா?" என்றார். சொல்லிட்டேன் என்றேன். "அப்பறம் எங்கிட்ட எதுக்கு வந்த?" என்றார். பத்து ஜெபம் எனக்கும் கொடுத்தார்.

அம்மா உன் கையைப் பிடித்ததைப் படித்தேன். அவள் என் கையையும் அப்படித்தான் பிடிப்பாள், ஒவ்வொரு முறையும். நானும் போர்வையை இழுத்துவிட்டுத்தான் போனேன். நீ போனதில் தவறில்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.

பெட்டியின் மூலைகளில் கம்பளித் துண்டு சுற்றி ஆணி அடித்திருக்கிறேன். இனி இடுப்பில் இடித்தால் வலிக்காது. புது பீர் நான்கு நாளாகப் பதினொன்றில் நிற்கிறது. சென்சார் அக்குளில்தான் இருக்கிறது. நான் அதை ஒருமுறைகூட நகர்த்தவில்லை. இந்தப் பெட்டிக்கு இனி யாரும் காவல் இருக்க வேண்டாம், யார்க்கா. வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் போனாலும் அது தன் வேலையைப் பார்க்கும். இந்த வீட்டில் எப்போதும் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு இப்போது ஒரு காரணமும் மிச்சமில்லை.

அதனால் ஃபோர்மனிடம் முறையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். "உனக்கு மாத்துனா நாப்பது பேருக்கு மாத்தணும், போய் வேலையப் பாரு" என்றான். இன்னொரு முறையும் கேட்டேன், அதையே சொன்னான்.

என்னால் முடியவில்லை. நீ ஏஜென்சியில் கேட்டுப் பார்ப்பாயா? நான் உன்னிடம் எதையும் கேட்டதில்லை என்று எழுதியிருந்தாய். இது கேள்விதான். வேண்டாம் என்றாலும் எழுதி வை, புரிந்துகொள்வேன்.

உன் பாட்டில்களில் இரண்டைச் சமையலறை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். இரண்டு. நான் குடிக்கவில்லை.

மே 3 அன்று பதினொரு மணிக்கு வருவேன்.

இம்ரோ


போல்தார், 3 மே, வியாழன்

இம்ரோ,

காலை நாலு பத்து. வேன்காரன் இரண்டு முறை ஹாரன் அடித்தான். ஜன்னலைத் திறந்து, "நீ போப்பா, நான் வரல" என்றேன். "ஒடம்பு சரியில்லயா?" என்றான். "ஒடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவன் தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டான். வேனின் சிவப்பு விளக்கு மூலையில் திரும்புகிறவரை நின்று பார்த்தேன். ஆறு வருடத்தில் அதை வெளியிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் முறை.

போன வாரமே ஏஜென்சிக்காரியிடம் பேசிவிட்டேன். ஹெர்மினா கிழவியிடம் என்னோடு முறை மாறுகிற ஹ்னூஷ்த்யா ஊர்க்காரி இன்னும் இரண்டு வாரம் அங்கேயே இருக்கச் சம்மதித்துவிட்டாள். இனி நீ போகிற அன்று நானும் போவேன், நீ வருகிற அன்று நானும் வருவேன். இதை உனக்கு எழுதி வைத்துவிட்டு எங்காவது ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். ஐம்பத்து மூன்று வயதில் எங்கே ஒளிவது, பெட்டிக்குள்ளா?

ஏழு மணி. தூக்கம் வரவில்லை. அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறேன், குளிருகிறது. இந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் பஸ் நிறுத்தம் தெரிகிறது என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

ஒன்பது. வ்லஸ்தா சாவி போட்டுத் திறந்து வந்தாள், செடிக்குத் தண்ணீர் ஊற்ற. என்னையும் சட்டையையும் நாற்காலியில் பார்த்துவிட்டு அலறிய அலறலில் மூன்றாம் மாடிவரை கதவு திறந்தது. "நீதானாடி! எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு" என்றாள். அப்புறம் உட்கார்ந்து, இரண்டு பேரும் காப்பி குடித்தோம். அம்மா போன அன்று இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாமே என்று அவளும் ஒரு நாள் விடாமல் நினைக்கிறாளாம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம்.

பதினொன்று. பிரிண்ட்ஸா சீஸ் போட்டு உருளைக்கிழங்கு ஹலுஷ்கி செய்திருக்கிறேன். கண்ணாடி டம்ளர் இரண்டு எடுத்து வைத்தாயிற்று.

பதினொன்று நாற்பது. நீ வரவில்லை.

பன்னிரண்டு பத்து. ஹலுஷ்கி ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிட்டது. போனை இரண்டு முறை கையில் எடுத்து, இரண்டு முறையும் கீழே வைத்தேன். எங்காவது இறங்கி எதையாவது வாங்கிக்கொண்டிருந்தாயென்றால், இம்ரோ, அந்தப் பெட்டியை இந்த ஐந்தாம் மாடியிலிருந்து கீழே போடுவேன், உன்னை உள்ளே வைத்து.

பன்னிரண்டரை. இல்லை, போட மாட்டேன். வந்தால் போதும். இந்த நாற்காலியில் உட்கார்ந்து பஸ் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. அவளுக்கு ஒவ்வொரு மாதமும் தெரிந்திருக்கிறது. அன்று அவள் பயந்திருப்பாளோ என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். இப்போது உட்கார்ந்து பார்க்கிறேன், பயம் இல்லை. வந்துவிடுவான் வந்துவிடுவான் என்றுதான் இருக்கிறது. நாம் சொன்ன நேரத்தை அவள் நம்பியிருப்பாள், இம்ரோ. கடைசிவரை நம்பிக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

பெட்டியில் எண் பதினொன்று.

ஒன்று இருபது. ஒரு வேன் நின்றது. நீ இறங்குகிறாய். கையில் பை மட்டும்தான். மேலே பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறாய், இந்த வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து நடக்கிற நடை. முழங்கால் வலிக்கிறதா உனக்கு? எனக்குச் சொல்லவே இல்லையே.

லிஃப்ட் ஏறுகிற சத்தம் கேட்கிறது. ஏன் தாமதம் என்று கேட்பேன், உண்மையைச் சொல்லு. இந்தக் கடிதத்தை மடித்து இழுப்பறையில் வைக்கப் போகிறேன், இனி மேசையில் தட்டுதான் இருக்க வேண்டும்.

வாசலில் நின்று சாவியைத் தேடுகிறாய். தேடாதே, இம்ரோ, கதவு பூட்டவில்லை.